பொருட்காட்சி முடிந்த பிறகு: வாசகர் கேள்வி – பதில்

உலகப் பொருட்காட்சிகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரைக்குக் கடிதங்கள் குவிந்துவிட்டன. பெரும்பாலானவை ஒரே கேள்வியைத்தான் வெவ்வேறு விதமாகக் கேட்கின்றன: ஆறு மாதம் நடந்து, பிரித்துப் போடப்பட்ட ஒன்றுக்கு ஒரு நகரம் எப்படி நிரந்தர நினைவுச் சின்னம் எழுப்புகிறது? பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் துறையில் இருப்பவர்கள் பதில் தருகிறார்கள்.

1893 சிகாகோ பொருட்காட்சியின் படங்களைப் பார்த்தால் ரோமாபுரி அரண்மனைகள் போல இருக்கின்றன. அவற்றை அப்படியே விட்டிருந்தால் அதைவிட நல்ல நினைவுச் சின்னம் வேறென்ன வேண்டும்? ஏன் இடித்தார்கள்?
*வாசகர், காரைக்குடி*

படத்தில் பளிங்காகத் தெரிவது உண்மையில் சுண்ணப்பூச்சு. ‘ஸ்டாஃப்’ என்று அதற்குப் பெயர். பிரான்சில் பிறந்த சரக்கு. நம்மூர்க் கோபுரங்களில் இருக்கும் சுதைக்குத் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சுதையின் ஆயுளில் பத்தில் ஒரு பங்குகூட அதற்குக் கிடையாது.

செய்முறை இதுதான். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்தான் முக்கியச் சரக்கு. அதோடு கொஞ்சம் சிமெண்ட், கிளிசரின், டெக்ஸ்ட்ரின் என்னும் மாவுப்பசை. தண்ணீர் விட்டுப் பாகு பதத்துக்குக் கரைத்து, அச்சுக்குள் ஒரு படலம் ஊற்றுவார்கள். அது இறுகுவதற்குள் சணல் நாரை விரித்து அழுத்தி, மேலே இன்னொரு படலம். அரை மணி நேரத்தில் கழன்று வந்துவிடும். தகடு போல மெல்லியதாகவும் லேசாகவும் இருப்பதால் ரம்பத்தால் அறுத்து, மரச்சட்டத்தில் ஆணி அடித்து மாட்டலாம். ஒரே அச்சில் நூறு தூண்தலைப்பு எடுக்கலாம். சிகாகோவில் திறப்பு நாள் நெருங்கியபோது தூரிகையால் பூச நேரம் இல்லாமல், காற்றழுத்தக் குழாய் வைத்து வெள்ளைச் சாயத்தைப் பீய்ச்சி அடித்தார்கள். ‘வெள்ளை நகரம்’ என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் இறுகினால் ஜிப்சம் ஆகும்; அது தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். சாயப் படலத்தில் முதல் வெடிப்பு விழுந்ததுமே மழைநீர் உள்ளே போய்விடும். சிகாகோக் குளிரில் அது உறைந்து விரியும், வெடிப்பு பெரிதாகும். உள்ளே ஆணி துருப்பிடித்து ஊதும். இரண்டு மூன்று குளிர்காலம் தாண்டினால் தகடு தகடாக உதிரத் தொடங்கிவிடும். போதாக்குறைக்கு 1894 ஜூலையில் பிடித்த தீ, முக்கியக் கட்டடங்களில் பெரும்பாலானவற்றைச் சாம்பலாக்கிவிட்டது. இடிப்பதா வேண்டாமா என்று விவாதிக்க அதிகம் மிச்சம் இருக்கவில்லை.

தப்பியவற்றில் பெரியது நுண்கலை மாளிகை. ஓவியங்களை இரவல் தர வேண்டியவர்கள், தீப்பிடிக்காத கட்டடம் இருந்தால்தான் தருவோம் என்றார்கள். அதனால் அதற்கு மட்டும் செங்கல் சுவர் வைத்தார்கள். வெளிப்பூச்சு மட்டும் ஸ்டாஃப். பொருட்காட்சிக்குப் பிறகு அங்கே இயங்கிய ஃபீல்டு அருங்காட்சியகம் 1920-ல் காலி செய்தபோது பூச்சு உதிர்ந்து, கட்டடம் பரிதாபமாக இருந்தது. வணிகர் ஜூலியஸ் ரோசன்வால்டு 1926-ல் 30 லட்சம் டாலர் தருவதாகச் சொல்ல, பூங்கா ஆணையம் 50 லட்சம் டாலர் கடன்பத்திரத்தை அதோடு சேர்த்தது. வெளிப்புறம் முழுவதையும் இண்டியானா சுண்ணாம்புக்கல்லில் மறுபடி செய்தார்கள். 1933-ல் அறிவியல் தொழில் அருங்காட்சியகமாகத் திறந்தது. இன்று அதற்குள் நுழைகிறவர்களில் பாதிப்பேருக்கு அது பொருட்காட்சிக் கட்டடம் என்றே தெரியாது.

சிகாகோ ஜாக்சன் பூங்காவில் தங்கச் சிலை ஒன்று பார்த்தேன். அதுதான் 1893-ன் அசல் சிலையா? தங்கம் எப்படி மழையில் நிற்கிறது?
*வாசகி, சிங்கப்பூர்*

அசல் சிலை 65 அடி. டேனியல் செஸ்டர் பிரெஞ்ச் வடித்த ‘குடியரசு’. அதுவும் ஸ்டாஃப்தான். பராமரிக்க வழியில்லாமல் 1896-ல் பூங்கா ஆணையமே எரித்துவிட்டது. நீங்கள் பார்த்தது 1918-ல் நிறுவிய 24 அடி வெண்கல நகல். அதே சிற்பி செய்தது. பொருட்காட்சியின் 25-ம் ஆண்டும் இல்லினாய் மாநிலத்தின் நூற்றாண்டும் அந்த ஆண்டு சேர்ந்து வந்தன. அசல் சிலை நின்றது பொருட்காட்சித் திடலில் இருந்த பெரிய குளத்தின் ஒரு கோடியில்; நகல் நிற்பது எதிர்க்கோடியில், நிர்வாகக் கட்டடம் இருந்த இடத்தில். நகலின் உயரம் பாதிக்கும் குறைவு என்பதில் எங்களுக்கு வருத்தமில்லை. 24 அடிக்குச் சாரம் கட்டுவதும் 65 அடிக்குச் சாரம் கட்டுவதும் ஒரே செலவு இல்லையே.

இனி தங்கம். வெளியில் நிற்கும் சிலைக்கு 23 காரட்டுக்குக் குறைந்த ரேக்கு, அதாவது மெல்லிய தங்கத் தாள், உதவாது. வெள்ளியோ செம்போ கலந்தால் அந்தக் கலப்பு கறுத்துவிடும். அமெரிக்காவில் ரேக்குப் புத்தகம் ஒன்றில் 25 தாள். ஒவ்வொன்றும் 3⅜ அங்குலச் சதுரம். ஓரம் ஏறி ஒட்ட வேண்டியிருப்பதால், ஒரு புத்தகம் ஒன்றரை சதுர அடிக்குத்தான் வரும். மடிப்பு நிறைந்த ஆடை உள்ள சிலை என்றால் இன்னும் குறையும்.

முதலில் வெண்கலத்தைப் பழைய பூச்சும் பச்சைக் களிம்பும் போகச் சுத்தம் செய்ய வேண்டும். பிறகு உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் அடிப்பூச்சு. அதன்மேல் மஞ்சள் சாயம், ரேக்கில் ஊசிமுனை ஓட்டை விழுந்தாலும் கண்ணில் படாமல் இருக்க. அதற்கும் மேலே எண்ணெய்ப் பசை. ரேக்கு வேலையின் உயிர் இந்தப் பசையில்தான் இருக்கிறது. மெதுவாகக் காயும் வகை என்றால் சுமார் 12 மணி நேரம் காத்திருக்க வேண்டும். விரலின் மேல்மூட்டால் தொட்டு எடுத்தால் பசை விரலில் ஒட்டாமல், ‘டக்’ என்று மெல்லிய சத்தம் மட்டும் கேட்க வேண்டும். அதற்கு முன்னால் ரேக்கை வைத்தால் பசையில் மூழ்கி மங்கிவிடும். தாமதித்தால் ஒட்டாது. காற்று வீசினால் தாள் பறக்கும், தூசி ஒட்டும். அதனால் சாரத்தைச் சுற்றித் துணி கட்டாமல் வேலையைத் தொடங்கவே கூடாது.

ரேக்கின் மேல் வார்னிஷ் அடிக்கச் சொல்பவர்கள் உண்டு. வேண்டாம். தங்கம் வெயிலில் மங்காது, வார்னிஷ் மஞ்சளாகி உரியும். உரியும்போது தங்கத்தையும் இழுத்துக்கொண்டு போகும். ஒழுங்காக ஒட்டியது இருபது முப்பது ஆண்டு நிற்கும். ‘குடியரசு’க்கு 1992-ல் மறுபடி முலாம் வைத்தார்கள்.

இடிந்ததை அதே மாதிரி மறுபடி கட்டினால் அது நினைவுச் சின்னமா, போலியா?
*வாசகர், யாழ்ப்பாணம்*

சான் பிரான்சிஸ்கோவைப் பாருங்கள். 1915-ன் பனாமா–பசிபிக் பொருட்காட்சிக்கு பெர்னார்டு மேபெக் வடிவமைத்த நுண்கலை மாளிகை, கட்டும்போதே பாழடைந்த பழைய மண்டபம் போலத் தெரிய வேண்டும் என்று திட்டமிட்டது. பொருட்காட்சி நடந்துகொண்டிருக்கும்போதே அதைக் காப்பாற்ற ஃபீபி ஹர்ஸ்ட் சங்கம் தொடங்கிவிட்டார். இடிக்காமல் விட்டார்கள், பராமரிக்கவும் விட்டுவிட்டார்கள். டென்னிஸ் மைதானம் ஆயிற்று, போர்க்காலத்தில் ராணுவ வண்டிகள் நின்றன. 1950-களில் பாழடைந்தது போல நடித்த மண்டபம் நிஜமாகவே பாழடைந்தது.

வால்டர் ஜான்சன் என்ற நகரவாசி 20 லட்சம் டாலர் கொடுக்க முன்வந்தார். மாநிலம் 20 லட்சம், நகரம் கடன்பத்திரம் மூலம் 18 லட்சம். 1964-ல் கண்காட்சிக் கூடத்தின் இரும்புச் சட்டத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் இடித்து, அதே வடிவத்தில் கான்கிரீட்டில் வார்த்தார்கள். 1967-ல் திறப்பு. தூண்வரிசை வேலை 1970-களின் நடுவில்தான் முடிந்தது.

ஆக, அங்கே 1915-ன் பூச்சு ஒரு பிடிகூட நிற்கவில்லை. ஆனால் இடம் அதே, குளத்தில் விழும் நிழல் அதே. எங்கள் கணிப்பில் இது போலி ஆகாது. அசல் ஸ்டாஃப்பே அச்சில் வார்த்த நகல்தானே? கான்கிரீட்டில் மறுபடி வார்த்தால் குறைந்தது தொழில்முறைக்காவது விசுவாசம் இருக்கிறது.

இந்த வேலையில் எல்லோரும் இடறும் இடம் ஒன்று உண்டு. மழையில் தேய்ந்த பழைய சிற்பத்தின் மேல் நேராக அச்சு எடுத்தால், தேய்மானமும் சேர்ந்து நகலாகும். மழுங்கிய மூக்கு ஐம்பது சிலையிலும் மழுங்கியே வரும். முதலில் பழைய படங்களை வைத்துக்கொண்டு களிமண்ணில் மூக்கையும் விரலையும் திருத்தி, அதன்பிறகே அச்சு எடுக்க வேண்டும். கான்கிரீட் என்றால் உள்ளிருக்கும் கம்பியை அது போதிய கனத்துக்கு மூடியிருக்க வேண்டும். மெல்லிய இலை வேலைப்பாட்டில் அந்தக் கனம் கிடைக்காது. அங்கே இரும்புக் கம்பியைத் தவிர்த்து, துருப்பிடிக்காத எஃகோ கண்ணாடி இழையோ போடுவதுதான் பிழைக்க வழி.

பார்சலோனா 1929-ன் ஜெர்மன் அரங்கு இன்னொரு வகை. மீஸ் வான் டெர் ரோ வடிவமைத்த அதை 1930-லேயே பிரித்துவிட்டார்கள். 1983-ல் அதே இடத்தில் தோண்டி அடித்தளத்தைக் கண்டுபிடித்து, 1986-ல் கட்டி முடித்தார்கள். ரோமானிய டிராவர்டைன், பச்சைப் பளிங்கு, அட்லஸ் மலையின் தங்கநிற ஓனிக்ஸ் ஆகிய கற்களை எல்லாம் தேடிப் பிடித்தார்கள். ஆனால் தூண்களுக்கு மட்டும் அசலில் இருந்த குரோமியப் பூச்சுக்குப் பதிலாகத் துருப்பிடிக்காத எஃகு வைத்தார்கள். ஆறு மாதத்துக்குக் கட்டுவதும் அறுபது ஆண்டுக்குக் கட்டுவதும் வேறு வேறு என்று தெரிந்து செய்த மாற்றம் அது.

விவேகானந்தர் பேசிய இடம் இன்னும் இருக்கிறதா?
*வாசகர், ராமநாதபுரம்*

கட்டடம் இருக்கிறது. 1893 செப்டம்பர் 11-ல் சர்வமத மாநாடு தொடங்கியது பொருட்காட்சித் திடலில் இல்லை. அங்கிருந்து சுமார் 11 கிலோமீட்டர் வடக்கே, மிச்சிகன் அவென்யூவில். மாநாடுகள் முடிந்ததும் சிகாகோ கலைக்கழகத்துக்குப் போய்விடும் என்ற ஒப்பந்தத்தோடு கட்டிய கட்டடம் அது. கட்டும்போதே அடுத்த வாழ்க்கையையும் முடிவு செய்துவிட்டார்கள். அதனால்தான் நிற்கிறது என்று நாங்கள் நினைக்கிறோம். அவர் பேசிய கொலம்பஸ் மண்டபம் மட்டும் தற்காலிக அமைப்பு, அதைப் பிரித்துவிட்டார்கள். 2010-ல் ஓவியர் ஜிதிஷ் கல்லாட் அந்தக் கட்டடத்தின் பெரிய படிக்கட்டில், 118 படிகளின் முகப்பில், அந்த உரையை ஒளிரும் எழுத்தாக வைத்தார். கட்டடத்துக்கு வெளியே சாலையின் ஒரு பகுதிக்கு விவேகானந்தர் பெயரைக் கௌரவப் பெயராகச் சூட்டியிருக்கிறார்கள். அந்தப் பயணத்துக்குச் சென்னையில் வீடு வீடாகப் பணம் திரட்டியவர் அளசிங்கப் பெருமாள். விவேகானந்தர் திரும்பி வந்து 1897 ஜனவரியில் இறங்கியது உங்கள் மாவட்டத்துப் பாம்பனில். குந்துகால் நினைவு மண்டபத்தை ஒரு விதத்தில் சிகாகோ பொருட்காட்சியின் நினைவுச் சின்னமாகவும் கொள்ளலாம்.

நான் சிகாகோவில் இருக்கிறேன். எங்கள் குடியிருப்போர் சங்கம் ஜாக்சன் பூங்காவில் 1893-ன் ஓர் அரங்கு நின்ற இடத்தில் கல்வெட்டு ஒன்று வைக்க விரும்புகிறது. எங்கிருந்து தொடங்குவது?
*வாசகர், சிகாகோ*

முதலில் இடத்தை உறுதி செய்யுங்கள். 1893-ன் வரைபடத்தை இன்றைய வரைபடத்தின் மேல் பொருத்த, அன்றும் இன்றும் மாறாத மூன்று புள்ளிகளாவது வேண்டும். அருங்காட்சியகக் கட்டடத்தின் மூலைகள் நல்ல புள்ளிகள். குளக்கரையை நம்பாதீர்கள், கரை பலமுறை மாறியிருக்கிறது. எல்லாம் சரியாக வந்தாலும் சில மீட்டர் பிசகும். அதனால் ‘இந்த இடத்தில்’ என்று பொறிக்காமல் ‘இதன் அருகே’ என்று பொறியுங்கள். பஃபலோ நகரில் 1901 பொருட்காட்சியின்போது ஜனாதிபதி மெக்கின்லி சுடப்பட்ட இடத்துக்கு அடையாளமாக, வீடுகள் நிறைந்த தெருவின் நடுத்திட்டில் ஒரு பாறையும் வெண்கலத் தகடும் இருக்கின்றன. 1921-ல் வைத்தது. அதுவும் உத்தேச இடம்தான்.

பூங்கா நிர்வாகத்தின் எழுத்துபூர்வ அனுமதி வாங்கும்போதே, பத்து ஆண்டு கழித்து யார் பராமரிப்பார்கள் என்பதையும் அதே தாளில் எழுதி வாங்குங்கள். சங்கங்கள் கலைந்துபோகும். கல் கலையாது.

அடித்தளம் 42 அங்குல ஆழத்துக்குப் போக வேண்டும். சிகாகோவில் மண் அதுவரை உறையும். குறைத்தால் ஒவ்வொரு குளிர்காலமும் கல்லைத் தூக்கித் தூக்கி, ஐந்தாவது ஆண்டில் சாய்த்துவிடும். பீடம் கிரானைட். வெளிர் சுண்ணாம்புக்கல் வேண்டாம். வெண்கலத்திலிருந்து வழியும் மழைநீர் அதில் பச்சைக் கோடு போடும். தகடு படுக்கையாக இருந்தால் தண்ணீர் தேங்கும், ஆகவே சரிவாக வையுங்கள். தகட்டின் பின்னால் வெண்கலம் அல்லது துருப்பிடிக்காத எஃகுத் தண்டுகளை வைத்து, கல்லில் துளையிட்டு எப்பாக்ஸி என்னும் பசையில் பதிக்க வேண்டும். இரும்புத் திருகாணி போட்டால் வெண்கலத்தோடு சேர்ந்த இரும்பு வேகமாக அரித்து, ஊதி, கல்லையே பிளந்துவிடும். முன்பக்கம் திருகுத்தலை தெரிந்தால் திருடனுக்கு நீங்களே வழிகாட்டியதாகும்.

வாசகம் நூறு சொல்லுக்குள். சங்கத்து நிர்வாகிகள் பட்டியல் போட்டால் அது கல்யாணப் பத்திரிகை ஆகிவிடும். கடைசியாக, பீடத்தைச் சுற்றி ஒரு அடி அகலத்துக்குக் கல் பாவிவிடுங்கள். புல்வெட்டும் இயந்திரம் இடித்து மூலை உடைந்த கல்வெட்டுகள்தான் பூங்காக்களில் அதிகம்.

டைம் கேப்சூல் (பிற்காலத்தவர் திறந்து பார்க்கப் பொருள்களை அடைத்த பெட்டி) புதைப்பது நல்ல யோசனையா?
*வாசகி, கோயம்புத்தூர்*

ஆசையாக இருக்கும், பெரும்பாலும் தண்ணீரில் ஊறிய காகிதக் கூழில் முடியும். அமெரிக்காவின் டல்சா நகரில் 1957-ல் ஒரு புதுக் காரையே நிலத்தடி அறையில் புதைத்து, 2007-ல் திறந்தார்கள். அறை முழுக்கத் தண்ணீர்; காரில் துருதான் மிச்சம்.

ஒழுங்காகச் செய்தது நியூயார்க் 1939 பொருட்காட்சிக்காக வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் 1938-ல் புதைத்தது. ஏழரை அடி நீளம், 50 அடி ஆழம். செம்போடு சிறிது குரோமியமும் வெள்ளியும் கலந்த உலோக உறை, உள்ளே கண்ணாடிக் குழாய், அதில் நைட்ரஜன் வாயு. திறக்க வேண்டிய ஆண்டு 6939. உறையைவிட அவர்கள் செய்த இன்னொரு வேலைதான் எங்களுக்குப் பிடித்தது: எங்கே புதைத்தோம், எப்படிக் கண்டுபிடிப்பது என்று புத்தகம் அச்சிட்டு, உலகெங்கும் நூலகங்களுக்கும் மடாலயங்களுக்கும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் அனுப்பினார்கள். உங்கள் ஊரில் செய்தால் மண்ணில் புதைக்காமல் கட்டடத்துச் சுவருக்குள் வையுங்கள். ரப்பர் பேண்ட், பேட்டரி, செய்தித்தாள் வேண்டவே வேண்டாம். மூன்றும் கூட இருப்பதையும் கெடுக்கும்.

நினைவுச் சின்னம் கட்டப் பணம் கிடைத்துவிடுகிறது. பராமரிக்க?
*வாசகர், திருச்சி*

வலிக்கிற இடத்தில் கை வைத்துவிட்டீர்கள். நியூயார்க் குவீன்ஸ் பூங்காவுக்குப் போனால் 1964 பொருட்காட்சியின் இரண்டு சின்னங்களை அருகருகே பார்க்கலாம். ஒன்று யூனிஸ்பியர்: 140 அடி உயரமுள்ள எஃகு உலகம், 1939-ன் பழைய கோளத்தின் அடித்தளத்தின் மேலேயே நிற்கிறது. துருப்பிடிக்காத எஃகு, கூரை இல்லை, உள்ளே யாரும் போக முடியாது, கழுவினால் போதும். மற்றது நியூயார்க் மாநில அரங்கு. கூரையின் வண்ணப் பலகைகளை 1970-களில் அகற்றிவிட்டார்கள். அதன் தரையில் மாநிலத்தின் சாலை வரைபடம், 567 மொசைக் பலகைகளாகப் பதித்தது. கூரை போனதும் மழையும் பனியும் நேராகத் தரையில். விரிசலில் புல் முளைத்து, வேர் பலகையைத் தூக்கியது. முதலில் போனது கூரை. பின்னால் போனதெல்லாம் அதன் வட்டி.

ஐஃபல் கோபுரத்துக்கு ஏறக்குறைய ஏழு ஆண்டுக்கு ஒருமுறை 60 டன் சாயம் வேண்டும். நுழைவுச்சீட்டுப் பணம் அதைத் தாங்குகிறது. பிரஸ்ஸல்ஸ் 1958-ன் அட்டோமியம், குழாய்களால் இணைத்த உலோகக் கோளங்களாலான கட்டடம். அதில் ஒவ்வொரு கோளத்துக்கும் 720 முக்கோண அலுமினியத் தகடுகள். மங்கிப்போனவற்றைக் கழற்றி, 2006-க்குள் துருப்பிடிக்காத எஃகுக்கு மாற்றினார்கள், கோளத்துக்கு 48 பெரிய முக்கோணம். இணைப்பு குறைந்தால் ஒழுகும் இடமும் குறையும். கழற்றிய பழைய தகடுகளையும் வீணாக்கவில்லை. ஒன்று 1,000 யூரோ என்று நினைவுப் பொருளாக விற்றார்கள்.

1904 பொருட்காட்சிக்குப் பிறகு செயிண்ட் லூயிஸ் செய்தது இன்னும் சாமர்த்தியம். மிஞ்சிய பணத்தில் பொருட்காட்சியின் முதன்மை வாசல் இருந்த இடத்திலேயே ஜெஃபர்சன் நினைவகத்தைக் கட்டி 1913-ல் திறந்தார்கள். இன்று அது மிசௌரி வரலாற்று அருங்காட்சியகம். ஸ்மித்சோனியன் அருங்காட்சியக நிறுவனம் பொருட்காட்சியில் வைத்திருந்த மாபெரும் பறவைக்கூண்டை நகரம் 3,500 டாலருக்கு வாங்கியது. அதைச் சுற்றித்தான் பின்னால் விலங்குக்காட்சி சாலை வளர்ந்தது.

அதே செயிண்ட் லூயிஸில் பிலிப்பைன்ஸ் மக்களைக் காட்சிப் பொருளாக வைத்தார்களாமே? நினைவுச் சின்னத்தில் அதைச் சொல்வார்களா?
*வாசகி, கோலாலம்பூர்*

47 ஏக்கரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிலிப்பைன்ஸ் மக்களைக் கிராமம் கிராமமாக அமைத்துக் காட்டினார்கள். சிலர் அங்கேயே இறந்தார்கள். பிரஸ்ஸல்ஸில் 1958-லும் காங்கோ கிராமம் வைத்தார்கள். வந்தவர்கள் பார்வையாளர்களின் அவமதிப்பைத் தாங்காமல் பாதியிலேயே வெளியேறிவிட்டார்கள். நீண்டகாலம் எந்தக் கல்வெட்டும் இதைச் சொல்லவில்லை. சொல்லத்தான் வேண்டும்; தனியாக ஓரத்தில் ஒரு பலகை வைத்து அல்ல, முதன்மை வாசகத்திலேயே. வாசகம் எழுதும் குழுவில் அந்தச் சமூகத்தார் தொடக்கத்திலிருந்தே இருக்க வேண்டும். அச்சான பிறகு காட்டிச் சம்மதம் வாங்குவது மரியாதை ஆகாது.

செலவே இல்லாத நினைவுச் சின்னம் உண்டா?
*வாசகர், தஞ்சாவூர்*

சிகாகோ நகரக் கொடியில் நான்கு சிவப்பு நட்சத்திரங்கள். ஒன்று 1893-க்கு, இன்னொன்று 1933 பொருட்காட்சிக்கு. கொடி கிழிந்தால் புதிது தைத்துக்கொள்ளலாம்.

ஒசாகாவின் சூரியக் கோபுரத்துக்கு நான்கு முகம் என்று படித்தேன். படத்தில் மூன்றுதானே தெரிகிறது?
*வாசகி, நாகர்கோவில்*

1970 பொருட்காட்சிக்கு ஒகமோட்டோ டாரோ எழுப்பிய அந்த 70 மீட்டர் கோபுரத்தில் வெளியே மூன்று முகம்; நான்காவது, ‘நிலத்தடிச் சூரியன்’, கீழ்த்தளக் கண்காட்சியில் இருந்தது. பொருட்காட்சி முடிந்து சாமான்களைப் பிரித்து அனுப்பியபோது அது எங்கோ போய்விட்டது. கோபுரத்தை நிரந்தரமாக வைத்துக்கொள்வது என்று 1975-ல் முடிவானபோது கையில் இல்லை. 2018-ல் உட்புறத்தைப் பழுதுபார்த்துத் திறந்தபோது பழைய படங்களை வைத்துப் புதிதாகச் செய்தார்கள். அசலை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.